நிழல் தோட்டத்தில் டெவில்ஸ் கிளப்: இடம் பார்ப்பது முதல் பதியம் போடுவது வரை

வட அமெரிக்காவின் பசிபிக் கரையில், அலாஸ்காவில் தொடங்கி பிரிட்டிஷ் கொலம்பியா, வாஷிங்டன் வழியாக ஓரிகன் வரை நீளும் ஈரமான ஊசியிலைக் காடுகளில் ஓடைக்கரையோரமாக நடப்பவர்கள், ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்து, முறம் போன்ற இலைகளை அடுக்கடுக்காக விரித்து நிற்கும் ஒரு புதரைப் பார்த்திருப்பார்கள். கால் தடுமாறி அதைப் பிடித்தவர்கள் அதை மறப்பதில்லை. டெவில்ஸ் கிளப் என்று ஆங்கிலத்தில் வழங்கும் அதற்குத் தாவரவியலில் ஓப்லோபேனக்ஸ் ஹாரிடஸ் என்று பெயர். அந்தப் பெயரின் முற்பகுதி ஆயுதம் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. செடியின் தண்டு முழுவதும், இலைக்காம்பிலும், இலை நரம்புகளின் மேலும் கீழும் மஞ்சள் நிற முட்கள் நெருக்கமாக இருப்பதைப் பார்த்தால் பெயருக்கு விளக்கம் தேவைப்படாது.

அந்தப் பகுதியில் நிழலான வீட்டுத் தோட்டம் உடையவர்கள் இதை வளர்க்க விரும்பினால் எங்கிருந்து தொடங்குவது என்பதைப் படிப்படியாகச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம். புதிதாக வளர்ப்பவர்கள் பெரும்பாலும் இரண்டைப் பற்றியே கவலைப்படுகிறார்கள்: ஒன்று முள், மற்றொன்று நிழல். ஆனால் இச்செடி பிழைப்பதும் பட்டுப்போவதும் மூன்றாவதான ஒன்றைப் பொறுத்தது. அது கோடையிலும் வற்றாத மண் ஈரம். கீழே சொல்லப்போகும் ஒவ்வொரு படியும் ஏதோ ஒரு வகையில் அந்த ஈரத்தைத் தேடுவதாகவோ காப்பதாகவோதான் இருக்கும்.

செடியை அடையாளம் காணுதல்

இது ஜின்செங்கும் ஐவிக் கொடியும் அடங்கிய அராலியேசி குடும்பத்தைச் சேர்ந்த, குளிர்காலத்தில் இலை உதிர்க்கும் புதர். சாதாரணமாக 1 முதல் 3 மீட்டர் உயரம் வளரும். நல்ல இடம் வாய்த்தால் அதற்கு மேலும் போகும். இலை மேப்பிள் இலையைப் போலப் பல மடல்களாகப் பிரிந்து, 20 முதல் 40 சென்டிமீட்டர் வரை அகலமாக விரியும். கோடையின் தொடக்கத்தில் தண்டின் நுனியில் வெளிறிய பச்சை கலந்த வெண்ணிறச் சிறுபூக்கள் கூம்பு வடிவக் கொத்தாக நிமிரும். கோடை முதிரும்போது அதே கொத்து பளபளக்கும் சிவப்புக் கனிகளாக மாறும். தொலைவிலிருந்து பார்க்கும்போது திம்பிள்பெரி என்ற புதரோடு இதைக் குழப்பிக்கொள்ள வாய்ப்புண்டு. இலை வடிவம் ஓரளவு ஒத்திருந்தாலும் திம்பிள்பெரிக்கு முள்ளே கிடையாது என்பதால், தண்டை ஒரு முறை உற்றுப் பார்த்தாலே ஐயம் தீர்ந்துவிடும்.

வளரும் விதமும் தெரிந்திருக்க வேண்டும். இது நேராக மட்டும் நிற்கும் செடியன்று. தண்டுகள் வயதாக ஆக எடை தாங்காமல் சாய்ந்து தரையில் படுக்கும். படுத்த இடத்தில் வேர்விட்டு, நுனி மீண்டும் மேல்நோக்கித் திரும்பும். காட்டில் நாம் பார்க்கும் பெரிய கூட்டங்களில் பல, இப்படி ஒரே செடி ஆண்டுக்கணக்கில் மெல்ல நகர்ந்து பரவியதால் உண்டானவை. தோட்டத்தில் இடம் ஒதுக்கும்போது செடி இன்று நிற்கும் இடத்தை மட்டும் அளந்தால் போதாது. பத்தாண்டுக்குப் பின் அது சாய்ந்து படுக்கப்போகும் இடத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

முதற்படி: இடம்

இந்தப் படிக்கு மற்ற எல்லாப் படிகளையும்விட அதிக நேரம் கொடுங்கள். ஓர் ஆண்டு முழுவதும் தோட்டத்தைக் கவனித்துவிட்டு நடுவதுகூட மிகையாகாது.

பசிபிக் கரையோரத்தில் சியாட்டில், வான்கூவர் போன்ற ஊர்களில் ஆண்டின் பெரும்பகுதி மழையாகவே இருப்பதால், அங்கே மண் எப்போதும் ஈரமாக இருக்கும் என்று தோன்றும். உண்மை வேறு. ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் அங்கே மழை மிகக் குறைவு. செடி முழு இலையோடு நின்று அதிகத் தண்ணீர் கேட்கும் காலமும் அதுதான். காட்டில் இச்செடி அந்த இரண்டு மாதங்களையும் கடப்பது, சரிவிலிருந்து ஊறி வரும் நிலத்தடி நீராலும் ஓடையின் அருகாமையாலும். நம் தோட்டத்தில் அதற்கு ஈடான இடத்தைத் தேட வேண்டும்.

நிழலிலும் இரண்டு வகை உண்டு என்பதை நான் ஒரு செடியை வாடவிட்டுத்தான் கற்றுக்கொண்டேன். முதலில் வாங்கிய கன்றைப் பெரிய செடார் மரத்தின் அடியில், தோட்டத்திலேயே இருண்ட மூலையில் நட்டேன். மே மாதத்தில் அழகாக இலை விரித்த செடி ஆகஸ்ட் நடுவில் ஓரங்கள் பழுத்துச் சுருண்டது. மண்ணைத் தோண்டிப் பார்த்தபோது ஒரு சாண் ஆழம் வரை பொடியாக இருந்தது. அடர்ந்த ஊசியிலை மரத்தின் கிளைகள் குடைபோல் மழையைத் தடுத்துவிடுகின்றன. கீழே இறங்கும் கொஞ்ச நீரையும் மரத்தின் வேர்வலை முந்திக்கொள்கிறது. மறு இலையுதிர்காலத்தில் அதே செடியை, கூரைத் தண்ணீர் வந்து சேரும் பள்ளத்தின் விளிம்புக்கு மாற்றினேன். நிழல் முன்பைவிடக் குறைவுதான். ஆனாலும் செடி தேறிவிட்டது.

ஆகவே தேட வேண்டியவை இவை: வீட்டின் வடக்குப் பக்கம், சரிவின் அடிவாரம், கூரைநீர்க் குழாய் வந்து விழும் தாழ்வு, மழைநீரை வாங்கி மண்ணுக்குள் இறக்க அமைக்கும் பள்ளமான மழைநீர்த் தோட்டத்தின் கரை. கூரைநீரைப் பயன்படுத்துவதாக இருந்தால், பாசியை அழிக்கத் துத்தநாகம் கலந்த மருந்து இட்ட கூரையிலிருந்து வரும் நீரைச் செடிக்குத் திருப்பக் கூடாது. காலை வெயில் ஒரு மணி நேரம் சாய்வாக விழுவதால் கேடில்லை. பிற்பகல் வெயில் நேராக விழும் இடம் மட்டும் கூடவே கூடாது. 2021 ஜூன் இறுதியில் அந்தப் பகுதியை வாட்டிய வெப்ப அலையில் சியாட்டிலில் 42 டிகிரி செல்சியஸும், பிரிட்டிஷ் கொலம்பியாவின் லிட்டனில் 49.6 டிகிரியும் பதிவாயின. அப்படிப்பட்ட நாட்களில் நிழல்வாழ் செடியின் அகன்ற மெல்லிய இலை எத்தனை தண்ணீர் ஊற்றினாலும் நேர்வெயிலில் கருகாமல் தப்பாது.

நீர் தேங்கும் இடமும் பொருந்தாது என்பதை இங்கேயே சொல்லிவிட வேண்டும். இச்செடிக்குப் பிடித்தது ஊறிக் கடந்துபோகும் நீர். சேறாக நிற்கும் நீரில் வேருக்குக் காற்றுக் கிடைக்காது. இதை அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. 30 சென்டிமீட்டர் ஆழத்தில் குழி தோண்டி, நீர் நிரப்பி, ஒரு முறை வடியவிட்டு, மறுபடியும் நிரப்புங்கள். இரண்டாம் முறை நிரப்பிய நீர் சில நிமிடங்களிலேயே மறைந்தால் மண் மிக வறண்டது அல்லது மணற்பாங்கானது. மறுநாளும் அப்படியே நின்றால் மிக இறுகியது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட மண் போதும்.

அடுத்தது மனிதர்களிடமிருந்து தொலைவு. நடைபாதை, வாசற்படி, பிள்ளைகள் விளையாடும் இடம், குப்பைத்தொட்டி வைக்கும் மூலை, எரிவாயு அல்லது மின் அளவுமானி பார்க்க ஆள் வந்துபோகும் பக்கம் ஆகியவற்றிலிருந்து குறைந்தது 2 மீட்டர் தள்ளியே நடுங்கள். அண்டை வீட்டு வேலிக்கும் இதே அளவு பொருந்தும். குளிர்காலத்தில் இலையெல்லாம் உதிர்ந்து வெறும் கம்புகளாக நிற்கும்போது இச்செடி கண்ணுக்கு எளிதில் படுவதில்லை. கால் வழுக்கியவர் கை நீட்டுவது பெரும்பாலும் அப்படிப்பட்ட கம்பை நோக்கித்தான். நட்ட நாளிலேயே உயரமான குச்சி ஒன்றை அருகில் ஊன்றி, நிறத்துணி கட்டி வைப்பது நல்லது.

இரண்டாம் படி: கன்று வாங்குதல்

காட்டிலிருந்து பிடுங்கி வராதீர்கள். அமெரிக்காவிலும் கனடாவிலும் தேசியப் பூங்காக்களில் செடிகளை எடுப்பது சட்டத்துக்குப் புறம்பு. அமெரிக்க தேசிய வனங்களில் அனுமதிச்சீட்டு இல்லாமல் எடுக்கக் கூடாது. சட்டம் ஒருபுறம் இருக்க, இச்செடி மிக மெதுவாக வளர்வது. காய்க்கும் பருவம் எட்டவே ஆண்டுகள் பல ஆகும். மிதிபட்ட, வெட்டுப்பட்ட கூட்டம் பழைய நிலைக்குத் திரும்ப நெடுங்காலம் பிடிக்கும். உள்நாட்டுச் செடிகளை மட்டுமே வளர்க்கும் நாற்றங்கால்களில் கேட்டால் கிடைக்கும். வாங்கும்போது அது நாற்றங்காலில் பெருக்கியதா, காட்டிலிருந்து தோண்டியதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

கன்று சிறியதாக இருப்பது குறையன்று. 20 முதல் 30 சென்டிமீட்டர் உயரமுள்ள, தொட்டி நிறைய வேர் பிடித்த, நுனிமொட்டு முறியாத ஒரு கன்று, உயரமாக இருந்தும் வேர் குறைந்த கன்றைவிட விரைவில் நிலைகொள்ளும். நுனிமொட்டை மட்டும் கட்டாயம் பாருங்கள். அடுத்த ஆண்டின் இலைகள் எல்லாம் அதற்குள்ளேதான் இருக்கின்றன.

மூன்றாம் படி: மண்ணும் நடவும்

நடுவதற்கு ஏற்ற காலம் அக்டோபர், நவம்பர் மாதங்கள். இலை உதிர்ந்து, மழை தொடங்கி, மண்ணில் இன்னும் சற்று வெதுவெதுப்பு இருக்கும்போது நட்டால் வேர் குளிர்காலம் முழுவதும் மெல்ல இறங்கும். தவறினால் மார்ச்சில், மொட்டு விரிவதற்கு முன் நடலாம். கோடையில் நடுவதைத் தவிருங்கள்.

காட்டில் இச்செடி நிற்கும் மண், விழுந்த மரங்கள் மட்கி, இலைகள் மட்கி, கறுத்துப் பொலபொலவென்று இருக்கும். சற்றே அமிலத்தன்மை உடையது. அதை ஒப்பச் செய்ய இலைமட்கையும் நன்கு மட்கிய மரத்துகளையும் நடும் பரப்பு முழுவதும் ஓர் அரையடி ஆழத்துக்குக் கலந்து விடுங்கள். குழிக்குள் மட்டும் நல்ல மண்ணை இட்டு, சுற்றிலும் இறுகிய களிமண்ணை அப்படியே விட்டால், மழைக்காலத்தில் அந்தக் குழி கிணறு போல் நீரைத் தேக்கும். வேரும் குழியைத் தாண்டி வெளியே போகாது. சுண்ணாம்பும் அடுப்புச் சாம்பலும் வேண்டாம். இரசாயன உரமும் முதல் ஆண்டில் வேண்டாம்.

குழியின் அகலம் வேர்ப்பந்தைப் போல இரண்டு மடங்கு இருக்கட்டும்; ஆழம் வேர்ப்பந்தின் உயரத்துக்கு மேல் வேண்டாம். இதன் வேர் மேல்மண்ணிலேயே பரவுவது என்பதால் ஆழப் புதைத்தால் மூச்சுத் திணறும். தொட்டியைக் கவிழ்த்து, தண்டைத் தொடாமல் வேர்ப்பந்தைத் தாங்கி எடுத்து, குழியில் வைத்து, மண்ணை இட்டு, காலால் மிதிக்காமல் நீர் ஊற்றியே மண்ணை அமரச் செய்யுங்கள். பிறகு 5 முதல் 8 சென்டிமீட்டர் கனத்துக்கு இலைமட்கு அல்லது மரச்சீவல் கொண்டு மூடாக்கு இடுங்கள். தண்டைச் சுற்றி நான்கு விரல் அளவு இடைவெளி விடுங்கள். அழுகி வரும் மரக்கட்டை ஒன்று கிடைத்தால் அதைச் செடியின் அருகே பாதி புதைத்து வையுங்கள். கடற்பஞ்சு போல் நீரைப் பிடித்து வைத்திருந்து, வறண்ட நாட்களில் மெல்ல விடுவிக்கும் வேலையை அது செய்யும். ஒன்றுக்கு மேற்பட்ட செடிகள் நட்டால் இடையே ஒன்றரை முதல் 2 மீட்டர் விடலாம்.

நான்காம் படி: முதல் இரண்டு கோடைகள்

நட்ட செடி இரண்டு கோடைகளைத் தாண்டிவிட்டால் பெரும்பாலும் நிலைத்துவிடும். ஜூன் இறுதியிலிருந்து செப்டம்பர் மழை தொடங்கும் வரை வாரம் ஒரு முறை, வெப்பம் கூடினால் இரு முறை, ஆழமாக நீர் விடுங்கள். தினமும் மேலாகத் தெளிப்பதைவிட, குழாயை மெல்லத் திறந்துவைத்து அரை மணி நேரம் ஊறவிடுவது மிகவும் நல்லது. ஊற வேண்டிய அளவு ஊறியதா என்பதை அறிய மூடாக்கை விலக்கி விரலை மண்ணுக்குள் முழுதாக நுழைத்துப் பாருங்கள். விரல்நுனியில் குளிர்ச்சி தெரிந்தால் போதும்.

இலையும் சொல்லும். பிற்பகலில் தொங்கிய இலை மறுநாள் காலையில் நிமிர்ந்தால் அது அன்றைய வெப்பத்தின் விளைவு. காலையிலும் தொங்கினால் மண் வறண்டுவிட்டது. ஓரம் மட்டும் பழுப்பானால் வறட்சி அல்லது வெப்பக் காற்று. இலையின் நடுவில் வெளிறிய திட்டுகள் தோன்றினால் நேர்வெயில் பட்டிருக்கிறது. இலை பெரிதும் கருகிவிட்ட செடியையும் உடனே பிடுங்கிவிட வேண்டாம். தண்டும் நுனிமொட்டும் உறுதியாக இருந்தால் நீரை மட்டும் தொடர்ந்து கொடுத்து, அடுத்த வசந்தம் வரை பொறுத்திருங்கள்.

பூச்சி, நோய் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தளிர்ப் பருவத்தில் ஓடில்லா நத்தைகள் இலையைத் தின்னலாம். மாலையில் கையால் பொறுக்கி அகற்றுவதே போதும். முள் இருந்தாலும் மானும், எல்க் என்ற பெரிய மான் இனமும் இளந்தளிரைக் கடிப்பதுண்டு என்பதால், அவை வரும் தோட்டங்களில் முதல் சில ஆண்டுகளுக்குக் கம்பிவலை தேவைப்படும்.

களையில் கவனிக்க வேண்டியது ஐவிக் கொடி. இதே குடும்பத்தைச் சேர்ந்ததாயினும், அங்கே அயலிலிருந்து வந்து காடுகளை மூடிவரும் அந்தக் கொடியைக் கன்றின் அருகே விடக் கூடாது. சால்மன்பெரிப் புதர் உள்நாட்டுச் செடிதான். ஆனால் வேகமாகப் பரவி இளங்கன்றை நெருக்கிவிடும். துணைக்கு நடுவதானால் லேடி ஃபெர்ன் போன்ற பெரணிகளும், தாழ்வான ஈரத்தில் ஸ்கங்க் கேபேஜ் என்ற அகன்ற இலைச் செடியும் ஏற்றவை. காட்டிலும் இவை இச்செடியோடு சேர்ந்தே நிற்கக் காணலாம்.

முள்ளோடு வேலை செய்வது

முள் குத்தும், அதைவிடத் தொல்லை, அது எளிதில் ஒடிந்து தோலுக்குள் தங்கிவிடும். தங்கிய இடம் சிவந்து, வீங்கி, சிலருக்குச் சீழ் பிடிப்பதும் உண்டு. துணிக் கையுறையும் மெல்லிய ரப்பர்க் கையுறையும் இதற்கு உதவா. முழங்கை வரை ஏறும் தடித்த தோல் கையுறை, கனமான முழுக்கைச் சட்டை, கண்ணுக்குக் காப்புக்கண்ணாடி ஆகிய மூன்றும் இல்லாமல் செடியின் அருகே குனியாதீர்கள். தண்டு வில் போல் வளைந்து நிமிரக்கூடியது. ஒன்றை ஒதுக்கும்போது அது திரும்ப வந்து முகத்தில் அடிக்கும். கண்ணாடியை நான் வற்புறுத்துவது இதனால்தான்.

குத்திவிட்டால் சோப்பு நீரில் கழுவி, நல்ல வெளிச்சத்தில் இடுக்கியால் நேராக இழுத்து எடுங்கள். பிதுக்கினால் உள்ளேயே ஒடியும். மூட்டில் ஆழமாக இறங்கிய முள், கண்ணருகே பட்ட முள், ஓரிரு நாளில் வீக்கம் கூடிய இடம் ஆகியவற்றுக்கு மருத்துவரிடம் போய்விடுங்கள். தோட்ட வேலை செய்பவர்கள் டெட்டனஸ் தடுப்பூசியைக் காலம் தவறாமல் போட்டிருக்க வேண்டும்.

உதிர்ந்த இலையிலும் முள் இருக்கும் என்பதைப் புதியவர்கள் மறந்துவிடுகிறார்கள். அவற்றை வாராமல் செடியின் அடியிலேயே மட்கவிடுவது செடிக்கும் உணவு, கைக்கும் காப்பு. கவாத்துக்குப் பெரிய தேவை இல்லை. பட்டுப்போன தண்டையும் பாதைப் பக்கம் சாய்ந்த தண்டையும் மட்டும், செடி உறங்கும் குளிர்காலத்தில் நீண்ட கைப்பிடிக் கத்தரியால் அடியோடு வெட்டி, வெட்டியவற்றைக் கையில் எடுக்காமல் கவைக்கோலால் இழுத்து ஒரு மூலையில் குவியுங்கள்.

இச்செடியின் கனி மனிதர் உண்ணத் தக்கதன்று. கரடிகள் விரும்பித் தின்று விதையைப் பரப்புகின்றன. கரடி நடமாட்டமுள்ள புறநகர்களில் இதை வீட்டுச் சுவரை ஒட்டி நடாமல் இருக்க இது மேலும் ஒரு காரணம். ட்லிங்கிட், ஹைடா முதலிய முதற்குடி மக்கள் இதன் உட்பட்டையைத் தலைமுறைகளாக மருந்தாகவும் தீங்கிலிருந்து காக்கும் பொருளாகவும் போற்றி வருகிறார்கள். அது அவர்கள் பழக்கத்தாலும் பயிற்சியாலும் காத்துவரும் அறிவு. அலாஸ்கா ஜின்செங் என்ற பெயரில் விற்பனைக்கு வருவதைப் பார்த்துவிட்டு, தோட்டத்துச் செடியின் பட்டையை உரித்துத் தாமே மருந்து செய்ய முயல்வது உடலுக்கும் ஆபத்து, செடிக்கும் கேடு.

பெருக்குதல்

செடி நன்றாக நிலைகொண்டு, நான்கைந்து தண்டுகள் விட்டபின் பெருக்கலாம். மூன்று வழிகளில் பதியமே எளிது. செடி தானாகவே செய்வதை நாம் சற்று விரைவுபடுத்துகிறோம், அவ்வளவுதான். வசந்தத்தின் தொடக்கத்தில், தாழ்வாக வளைந்த ஒரு தண்டைத் தேர்ந்து, அதன் கீழே 5 முதல் 8 சென்டிமீட்டர் ஆழமுள்ள வாய்க்கால் கீறி, தண்டை அதில் படுக்கவைத்து, கவட்டைக் குச்சியால் அழுத்தி, நுனி மட்டும் வெளியே நிமிர்ந்திருக்குமாறு மண்ணும் இலைமட்கும் இட்டு மூடுங்கள். கோடை முழுவதும் அந்த இடம் காயக் கூடாது. அடுத்த ஆண்டோ அதற்கடுத்த ஆண்டோ வேர் பிடித்தபின், இலையுதிர்காலத்தில் தாய்ச்செடியிலிருந்து வெட்டிப் பிரித்து வேறிடத்தில் நடலாம்.

போத்து வைப்பதானால் இலை உதிர்ந்தபின், இரண்டு மூன்று மொட்டுகளாவது உள்ள 20 சென்டிமீட்டர் தண்டுத் துண்டுகளை வெட்டி, மணலும் இலைமட்கும் கலந்த பாத்தியில் படுக்கை வசத்தில் மெல்லப் புதைத்து, நிழலில் ஈரம் காத்து வையுங்கள். பாதி பிழைத்தாலும் நல்ல பலன் என்றே கொள்ள வேண்டும்.

விதை மிகப் பொறுமையைக் கேட்கும். விதைக்குள் இருக்கும் கரு, கனி பழுக்கும்போது முழு வளர்ச்சி அடைந்திருப்பதில்லை. வெப்பமான ஒரு பருவமும் குளிர்ந்த பருவமும் கடந்தே அது முளைக்கத் தயாராகிறது. கனியைப் பிசைந்து சதையைக் கழுவி நீக்கி, புதிதாகவே இலையுதிர்காலத்தில் தட்டில் விதைத்து, எலி நுழையாதபடி கம்பிவலை போட்டு மூடி, வீட்டுக்கு வெளியே நிழலில் வைத்துவிடுங்கள். முளைக்க 18 மாதங்கள் வரை ஆகலாம் என்பதால், தட்டில் விதைத்த தேதியை அழியாத மையால் எழுதிவையுங்கள். முதல் வசந்தத்தில் ஒன்றும் தெரியாமல் போனாலும் மண்ணைக் கொட்டிவிடாமல், அந்தக் கோடையிலும் ஈரம் குறையாமல் பார்த்து, இரண்டாம் குளிர்காலத்தையும் கடக்க விடுங்கள்.

முளைத்த நாற்றுகளைக் கூட்டமாகவே ஓராண்டு விட்டு, பிறகு தனித்தொட்டிகளுக்கு மாற்றி, இன்னும் இரண்டு மூன்று ஆண்டுகள் நிழலில் வளர்த்தபின்னரே நிலத்தில் நட வேண்டும். நாற்றைப் பிரித்து எடுக்கும்போதும் தோல் கையுறையை அணிந்துகொள்ளுங்கள்.